ரப்பர் வைத்து அழித்த ரீடிங்குகள்: முதுகலை இயற்பியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முதுகலை இயற்பியல் பாடத்திட்டத்தை வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

எம்.எஸ்சி. முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அளவீடுதான் என் பிழைப்பு. ஓர் எண்ணைச் சொன்னால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு வந்தது. இரண்டு வருட முதுகலைப் படிப்பில் கைவந்திருந்ததோ இதற்கு நேர் எதிரான பழக்கம்.

கோட்பாட்டுத் தாள்களில் எனக்குப் பெரிய குறை இல்லை. குவாண்டம் இயங்கியலில் தலை சுற்றியது. புள்ளியியல் இயங்கியல், பரீட்சை முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அது அப்படித்தான் இருக்கும், போகட்டும். என் குறையெல்லாம் செய்முறை வகுப்பில்தான்.

ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்; அணு ஆற்றலைக் குறிப்பிட்ட படிகளாக மட்டுமே வாங்கிக்கொள்ளும் என்று காட்டும் சோதனை அது. உங்கள் பட்டியலில் அது அநேகமாக இருக்கும். பாதரசம் அடைத்த குழாயைச் சின்ன அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் மின்னோட்டம் ஏறும், சட்டென்று விழும், மறுபடி ஏறும். ஒவ்வொரு சரிவுக்கும் நடுவே சுமார் 4.9 வோல்ட். கையேட்டில் அடுப்பை 180 டிகிரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தது. எங்களுக்கு வாய்த்த அடுப்பு 150-ஐத் தாண்ட மறுத்துவிட்டது. பரவாயில்லை என்று நானும் என் லேப் பார்ட்னரும் ரீடிங் எடுத்தோம். ஆறு இடைவெளிகள் கிடைத்தன: 4.7, 4.8, 4.8, 4.9, 4.9, 5.0.

பார்ட்னர்தான் முதலில் கவனித்தாள். "இது ஏறிக்கிட்டே போகுதே" என்றாள். பிழை என்றால் மேலும் கீழுமாக அல்லவா சிதற வேண்டும்? ஆசிரியரிடம் கொண்டுபோனோம். எட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எர்ரர். சராசரி போட்டு 4.9 வருதான்னு பாருங்க" என்றார். சராசரி 4.85 வந்தது. அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு ஜோடிகள் நோட்டோடு நின்றிருந்தன. நாங்கள் இடத்துக்குத் திரும்பி, ரப்பர் எடுத்து, ஆறையும் 4.9-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். ஒன்றை மட்டும் 4.8 என்று விட்டுவைத்தோம், நம்பும்படி இருக்கட்டும் என்று. முழு மதிப்பெண் கிடைத்தது.

அந்த ஏற்றம் பிழையில்லை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எலக்ட்ரான் தேவையான ஆற்றலைத் தொட்ட அந்தக் கணமே எதிரில் ஓர் அணு வந்து நிற்பதில்லை. மோதுவதற்கு முன் இன்னும் கொஞ்ச தூரம் ஓடுகிறது. ஓடும்போது கூடுதலாக ஆற்றல் சேர்கிறது. மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்றப் புலம் வலுக்கிறது, அந்தக் கூடுதலும் வளர்கிறது. அதனால்தான் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரியதாக வருகிறது. சூடு குறைந்தால் பாதரச ஆவி மெலியும், ஓட்டம் நீளும், ஏற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2006-ல் ஒரு கட்டுரை இதை முறையாக அளந்து வெளியிட்டது. அந்த ஏற்றத்தைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் பாதரசத்தின் மிகத் தாழ்ந்த கிளர்நிலையான, அதாவது அணு ஆற்றல் வாங்கி ஏறும் முதல் படியான, 4.67 எலக்ட்ரான் வோல்ட்டுக்கே போய்ச் சேரலாம். ஆக, எங்களைத் திட்டவைத்த அந்தச் சோம்பேறி அடுப்புதான் எங்களுக்கு நல்லதைக் காட்டியிருக்கிறது. நாங்கள் அதை ரப்பரால் அழித்தோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1914-ல் இந்தச் சோதனையை வெளியிட்ட ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் தாங்கள் கண்டது பாதரச அணு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகும் ஆற்றல் என்றே நினைத்தார்கள். அது அயனியாக்கம் அல்ல, கிளர்வு என்று அடுத்த வருடம் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்னார். அயனியாக 10.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அளவு சரி, விளக்கம் தவறு. 1925-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவர்களுக்குத்தான் போனது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எங்களைக் கேட்டது "எவ்வளவு வந்தது?" என்ற ஒரே கேள்விதான்.

உங்கள் மதிப்பெண் பங்கீட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நான் படித்த இடத்தில் 'நிலையான மதிப்பு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'சதவீதப் பிழை' என்று ஒரு வரி. சதவீதம் ஐந்துக்குள் இருந்தால் முழு மார்க், பத்தைத் தாண்டினால் 'ரிப்பீட்'. இப்படி வைத்தால் மாணவர் என்ன செய்வார்? விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதுவார். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைமாறிக் கைமாறி வருவதும் இதற்காகத்தான். மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, நீங்கள் எதற்கு மார்க் கொடுக்கிறீர்களோ அதைத்தான் அவர்கள் கற்கிறார்கள்.

'நிலையான மதிப்பு' என்ற வரியே சில சோதனைகளில் இப்போது அர்த்தம் இழந்துவிட்டது. 2019 மே 20 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. அதில் பிழையே கிடையாது. இன்று மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனை (எண்ணெய்த் துளிகளிலிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கணக்கிடுவது) செய்யும் மாணவர் உண்மையில் தன் கருவியையும் தன் கண்ணையும்தான் சோதிக்கிறார். ரெக்கார்டின் முதல் வரியில் மட்டும் இன்னும் 'நோக்கம்: எலக்ட்ரானின் மின்னூட்டம் காணல்' என்றே இருக்கும்.

மில்லிகன் கதையும் நமக்குப் பாடம்தான். 1913 கட்டுரையில் அவர் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, தேர்ந்தெடுத்த துளிகள் அல்ல இவை என்று எழுதினார். அவருடைய குறிப்பேடுகளில் அதைவிட அதிகத் துளிகள் இருந்தது பின்னால் தெரியவந்தது. அவர் அதை ஏமாற்ற நினைத்துத்தான் செய்தாரா என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் எண் இன்றைய மதிப்பைவிட 0.6 சதவீதம் குறைவு. அவர் சொல்லிக்கொண்ட பிழையோ 0.2 சதவீதம்தான். காரணம், காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியில்லை. எக்ஸ் கதிர் வழியே வந்த அளவீடுகள் வேறு எண்ணைக் காட்டிய பிறகு, 1930-களில்தான் அது வெளிப்பட்டது. எத்தனை துளி பார்த்தாலும் இந்தப் பிழை சராசரியில் கரையாது. எம்.எஸ்சி. மாணவருக்கு இதைவிட நல்ல பிழைப் பாடம் எது? ஆனால் எங்கள் கையேட்டில் பிழை என்பது கடைசிப் பக்கத்தில் இரண்டு சூத்திரம், அவ்வளவுதான்.

அப்புறம், ஜோசலின் பெல். 1967-ல் அவர் ஆராய்ச்சி மாணவி. அவருடைய ரேடியோ தொலைநோக்கி தினமும் ஏறத்தாழ 30 மீட்டர் வரைபடக் காகிதத்தைக் கக்கும். அதைக் கண்ணாலேயே பார்த்து முடிக்க வேண்டும். வானத்தை முழுசாக ஒருமுறை பார்க்கப் போகும் நூற்றுச் சொச்சம் மீட்டரில் மிகச் சின்ன ஒரு கிறுக்கல். வழக்கமான ரேடியோ மூலம் போலவும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் போலவும் இல்லை. அதை அவர் ஒதுக்கவில்லை. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது 1.3 நொடிக்கு ஒரு துடிப்பு தெரிந்தது. முதல் பல்சார், அதாவது சீராகத் துடிக்கும் விண்மீன், அப்படித்தான் கிடைத்தது. எங்கள் செய்முறை வகுப்பாக இருந்திருந்தால் 'ரிப்பீட்' என்று எழுதியிருப்பார்கள்.

சரி, என்னதான் கேட்கிறேன்? பன்னிரண்டு சோதனைகளை ஆறாகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். முதல் வாரம் கையேட்டின்படி. இரண்டாவது வாரம் மாணவர் ஏதாவது ஒன்றை மாற்றட்டும்: அடுப்பின் சூட்டை, காந்தப் புலத்தை, கம்பியின் நீளத்தை. எது மாறும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் செய்யட்டும். விடை எவ்வளவு நெருங்கியது என்பதற்கு மார்க் வேண்டாம். சொன்ன பிழை வரம்பை எப்படி நியாயப்படுத்தினார் என்பதற்குக் கொடுங்கள். ரெக்கார்டைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், தவறினால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும், அழிக்கக் கூடாது.

உங்கள் சிரமம் தெரியாமல் கேட்கவில்லை. ஒரே கருவி, நிறைய ஜோடிகள். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அரை நாளில் அத்தனை பேருக்கும் மார்க் போட்டாக வேண்டும். ஒப்பிட ஓர் எண் இருந்தால் அவர் வேலை சுலபம். பன்னிரண்டு சோதனை இருந்தால்தான் ஹால் விளைவு, ஜீமன் விளைவு, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு எல்லாவற்றையும் 'பார்த்த' மாதிரி இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் நான் பன்னிரண்டையும் பார்த்தவன். அவற்றில் ஒன்பது எதற்கு என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, அழித்த காரணத்தால்.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்ற முடியாவிட்டால், இந்த ஒரு சோதனையிலாவது தொடங்குங்கள். அடுப்பை முதலில் 180-லும் பிறகு 150-லும் வைத்து இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

என் பழைய ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். அந்த அட்டவணையை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் கடைசி வரிசையில், 4.9-க்கு அடியில், 5.0 இன்னும் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்