ஏலும், ஏலாது

கல்லடி, மட்டக்களப்பு

மகன்,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "அந்தக் காசும் வேணாம், அந்தக் கந்தோரும் வேணாம்" என்றாய். உன் மேல் பிழையில்லை. போனமுறை இயலாமைக் கொடுப்பனவு கேட்டு நாங்கள் அங்கே போனபோது நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

நீ வெளியே வாங்கில் இருந்து நம்பர் துண்டை நாலாய், எட்டாய் மடித்துக்கொண்டிருந்தாய். மேலே காற்றாடி டக் டக்கென்று அடித்தது. உள்ளே கந்தோரில் வேலை செய்யும் பிள்ளை என்னைக் கேட்டா: தானாகக் குளிப்பாரா? சாப்பிடுவாரா? கடைக்குப் போவாரா? நான் எல்லாவற்றுக்கும் "ஓம், ஏலும்" என்றேன். ஏ.எல். பாஸ் என்று வேறு பெருமையடித்தேன். அப்புறம் எப்படிக் கிடைக்கும்? கேட்டதெல்லாம் கைகால் பற்றிய கேள்வி, அது அவர்கள் பிழை. ஆனால் பில் மெசின் சத்தத்துக்குள் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து, இரண்டு நாள் அறைக்கதவு திறக்காமல் கிடந்தாயே, அதை நான் சொல்லவில்லை. ஊர் அறியக் கூடாதென்று மறைத்துப் பழகிய வாய், மனே.

இந்தமுறை உன் கொப்பியில் நீயே எழுதி வா. நல்ல நாளை எழுதாதே, கெட்ட நாளை எழுது. மனநல வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது ஓட்டிசம் என்ற பெயரோடு விட வேண்டாம், அது வேலையில் எங்கே இடிக்கிறது என்பதும் இருக்கட்டும். கிளினிக் கொப்பியை மறக்காதே. ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தை அப்பா எடுப்பார். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். குடும்ப வருமானமும் பார்ப்பார்கள், கேட்ட எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தால் உன் பஸ் காசுக்கும் மருந்துக்கும் ஆகும்.

வேலைக்கு வேறு கதை. அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 உங்களைப் போன்றவர்களுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. ஆனால் தகுதி இருக்க வேணும், இயலாமை அந்த வேலைக்கு இடைஞ்சலாக இருக்கவும் கூடாது. பார்த்தாயா? காசுக்கு ஏலாது என்று காட்ட வேணும், வேலைக்கு ஏலும் என்று காட்ட வேணும். இரண்டும் பொய்யில்லை, இரண்டும் நீதான். அப்பாவின் கடைக் கணக்கில் மூன்று வருசப் பிழையை ஒரு பின்னேரத்தில் பிடித்ததும் நீதானே.

இயலாமையைச் சொல்லி வேலை மறுக்கக் கூடாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அமைதியான ஒரு மூலையையும், வேலையை எழுத்தில் தரச் சொல்வதையும் நாங்கள்தான் வாய் திறந்து கேட்க வேணும். நீ கேட்கத் தயங்கினால் எழுதிக் கொடு, நான் வாசிக்கிறேன். உனக்குப் பதிலாகப் பேச மாட்டேன், சரியா?

வெள்ளிக்கிழமை உதயதேவி ரயிலில் வா. ஸ்டேசனில் சனம் இறங்கி முடியும்வரை பெட்டிக்குள்ளேயே இரு, அப்பா மோட்டார் சைக்கிளோடு வெளியே நிற்பார். இறால் கறி வைக்கிறேன். சோற்றோடு முட்டாமல் வேறு கோப்பையில்தான்.

அம்மா