கருவிகள் பகிர்வு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உடல் நலிந்தவர்களுக்கு நாம் இரவலாகக் கொடுக்கும் சக்கர நாற்காலி, ஊன்றுகோல் போன்ற கருவிகளில் எத்தனை வந்தன, எத்தனை போயின, எத்தனை திரும்பவில்லை என்ற கணக்கு பொருளாளர் அறிக்கையோடு இணைத்த பட்டியலில் இருக்கிறது. அதை மறுபடி வாசித்து நேரத்தை எடுக்கப் போவதில்லை. அந்தப் பட்டியலில் தெரியாத ஒரு தவறைத்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டின் தொடக்கத்தில், பக்கவாதம் வந்த தாய்க்காக ஒரு குடும்பம் சக்கர நாற்காலி கேட்டு வந்தது. இருப்பில் ஒன்று இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே அனுப்பிவிட்டோம். கேட்ட அன்றே கொடுத்தோம் என்று எங்களுக்குள் பெருமை வேறு. சில வாரம் கழித்துப் பார்க்கப் போனால், அந்த அம்மா நாற்காலிக்குள் சறுக்கி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வால் எலும்பை ஒட்டித் தோல் சிவந்திருந்தது. நாற்காலி அவர் உடம்புக்கு ரொம்பப் பெரியது. இருக்கை அளவுக்கு மீறி ஆழமாக இருந்தால் முதுகு சாய்மானத்துக்கு எட்டாது. சாயப் பார்க்கும்போது இடுப்பு முன்னால் நழுவும், எடையெல்லாம் வால் எலும்பில் இறங்கும். படுக்கைப்புண் படுக்கையில்தான் வரும் என்று நினைத்திருந்தோம். நாங்களே அதை வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு மகள், "சும்மா கொடுத்த பொருள், குறை சொன்னால் நல்லாவா இருக்கும்?" என்றார். இனாமாக வாங்கியவர் வாய் திறக்கமாட்டார். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் வேலை. அந்த அம்மாவுக்குச் சிறிய நாற்காலி தேடிக் கொடுத்தோம், புண்ணாகும் முன்பே.

இப்போது அளவெடுக்காமல் எதுவும் வெளியே போவதில்லை. இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தை ஒட்டி இருக்க வேண்டும். முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைத்தடி என்றால், செருப்போடு நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்கிறோம். பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தடியை நோகும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலானோர் நம்புவதில்லை. இரண்டு அடி நடந்து பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறார்கள். அக்குள் ஊன்றுகோலின் தலை அக்குளைத் தொடக் கூடாது, இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். அதில் தொங்கியபடி நடந்தால் நரம்பு நசுங்கிக் கை வலுவிழந்துபோகும்.

இதனால் காத்திருப்பு கூடிவிட்டது என்று செயற்குழுவிலேயே வருத்தப்பட்டார்கள். உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உதவிக் கருவி ஏதாவது ஒன்றாவது தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேருக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. இவ்வளவு பற்றாக்குறையில் ஏதோ ஒன்று கிடைத்தால் போதாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அம்மாவின் சிவந்த தோலைப் பார்த்தவன் என்ற முறையில், போதாது என்பதே என் பதில்.

நன்கொடைகளில் சிலவற்றை மறுத்தோம், சிலருக்குக் கோபம். காது கேட்கும் கருவியின் அச்சு ஒருவர் காதுக்கென்று எடுத்தது. கருவியின் ஒலி அமைப்பும் அவரது குறைபாட்டுக்கு ஏற்ப வைத்தது. செயற்கைக் காலும் அப்படியே. அவற்றை அடுத்தவருக்கு அப்படியே மாற்றித் தர முடியாது. வாக்கர், கமோடு நாற்காலி, கட்டில், காற்று மெத்தை எல்லாம் தாராளமாகத் தரலாம்.

பராமரிப்பில் ஒரு நஷ்டம். நன்கொடையாக வந்த மோட்டார் சக்கர நாற்காலியை மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் ஸ்டோர் ரூமில் விட்டுவிட்டோம். ஈய அமில பேட்டரி அப்படிக் கிடந்தால் செத்துப்போகும், செத்தது. பொறுப்பு என்னுடையது. அப்புறம், பிரேக் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்த இரண்டு நாற்காலிகளிலும் பிரேக்கில் பழுதில்லை, டயரில் காற்றுதான் இல்லை. டயரை அழுத்தித்தான் அந்த பிரேக் நிற்கிறது. ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். திரும்பி வரும் கமோடு நாற்காலியை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது.

திரும்ப வராத பொருட்கள் பெரும்பாலும் பரணில்தான் இருக்கின்றன. நோயாளி இறந்துபோன வீட்டில் போய்க் கட்டிலைக் கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும்தான். சில மாதம் விட்டு, "நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் போதும், உடனே கொடுத்துவிடுகிறார்கள்.

ஸ்டோர் ரூம் சாவி இப்போது என்னிடமும் துணைச் செயலாளரிடமும் மட்டும் இருக்கிறது. மூன்றாவது சாவிக்கு இந்தக் கூட்டத்திலேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது.