சென்னை வார்டுச் செய்திகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

தெருவாசிகளுக்கும், வார்டு அலுவலகத்தாருக்கும், "என் பேரைப் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னவர்களுக்கும் வணக்கம்.

மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டம் நடந்தால் தீர்மானங்கள் கொத்துக் கொத்தாக நிறைவேறும். ஜீரோ ஹவர் எனப்படும் நேரமில்லா நேரத்தில் கவுன்சிலர்கள் தெருப் பெயர்களை அடுக்குவார்கள். பேசியதெல்லாம் முடிவு ஆகாது, முடிவானதெல்லாம் தெருவுக்கு வந்தும் சேராது. வந்ததா இல்லையா என்று பார்த்துச் சொன்னவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, ராத்திரியில் ரோடு போடும்போது தூங்காமல் வாசலில் நின்றவர்களுக்கு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் ரோடு ஏறும், வீடு பள்ளத்தில் போகும். மழைநீர் வடிகாலின் வாய் அடைபடுவதும் இப்படித்தான். "ரோடு உயர்ந்துபோச்சு" என்று வாயால் சொன்னால் எவரும் மறுக்கலாம். வேலைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை, வாசற்படியின் உயரத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து, கதவு எண்ணும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினீர்கள். மறுக்க இடமில்லாத சாட்சி அது. அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலிருந்து போய்விடும்.

தகவல் உரிமை மனு எழுதக் கற்றுக்கொடுத்த குடியிருப்போர் சங்கப் பெரியவர்களே, உங்கள் பாடம் சுருக்கமானது: "ஏன்" என்று கேட்காதே, காகிதத்தைக் கேள். தெரு, வார்டு எண், நிதியாண்டு மூன்றையும் குறிப்பிட்டு, மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) ஆகியவற்றின் நகல் கேட்க வேண்டும். தாரின் நீளம், அகலம், கனம் எல்லாம் எம்-புக்கில் இருக்கும். பில் பாஸாவது அதை வைத்துத்தான். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த இரண்டாவது கெடுவைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பழைய கோப்புகளுக்கு வழிகாட்டிய ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 2011-இல் மாநகராட்சி விரிவாகி வார்டுகள் 155-இலிருந்து 200 ஆனபோது எண்கள் மாறிவிட்டன. இன்றைய எண்ணைச் சொல்லி அதற்கு முந்தைய கோப்பைக் கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் வரும், அதுவும் பொய்யில்லை.

தூய்மைப் பணியாளர்கள் சொல்லிக்கொடுத்தது எந்த அறிக்கையிலும் கிடைக்காது. மாதக்கணக்கில் மழை இல்லாதபோதும் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால், பெரும்பாலும் யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள். காலையில் ஓட்டம் கூடி மதியம் குறைந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

குடிநீர் கறுப்பாக வந்தபோது முதல் குடத்தைக் கீழே ஊற்றாமல் சுத்தமான பாட்டிலில் பிடித்து, நேரம் எழுதி வைத்த அக்காமார்களுக்கு நன்றி. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊரில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை உள்ளே இறங்கும். அதனால்தான் முதல் தண்ணீர் நாறுகிறது, பிறகு தெளிகிறது. தெளிந்த பிறகு பிடித்த தண்ணீரில் அந்தக் கோளாறு அகப்படாமல் போகலாம். குழாயடியில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, அளந்தும் காட்டிய குடிநீர் வாரிய டிப்போ ஊழியர்களையும் மறக்கவில்லை.

அலுவலக நேரம் முடிந்த பிறகும் போனை எடுத்த உதவிப் பொறியாளர்களுக்கும் நன்றி. எடுக்காதவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு வேண்டுகோள். தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைப் படத்தோடு அனுப்புங்கள். மழை விட்ட நேரம், தண்ணீர் வடிந்த நேரம் இரண்டும் வேண்டும். அவை இல்லாமல் வடிகால் வேலை செய்ததா என்று எழுத முடியாது.

நன்றியுடன்,
வார்டுச் செய்தியாளர்கள், சென்னை