இரண்டு முறை வந்த ஒன்றரை மணி

அபெர்டீன், ஸ்கொட்லாந்து,
ஒக்டோபர் 28

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை நான் நேரத்துக்குத் தொலைபேசி எடுக்கவில்லை என்று அம்மா கவலைப்பட்டதாகத் தம்பி சொன்னான். நான் வழக்கம்போல மூன்று மணிக்குத்தான் எடுத்தேன். அன்று விடியப்புறம் இங்கே மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பிவிட்டதால், இலங்கையில் ஏழரைக்குக் காத்திருந்த உங்களுக்கு அழைப்பு எட்டரைக்கு வந்தது.

அந்த இரவு எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு மணி ஆகவேண்டிய வேளையில் மறுபடியும் ஒரு மணி ஆனது. முதலாவது ஒன்றரைக்கு ஒருவருக்கு வலிமாத்திரை கொடுத்திருந்தேன். அடுத்ததை நான்கு மணிநேரம் கழித்துக் கொடுக்கவேண்டும். மணிக்கூட்டை நம்பினால் ஐந்தரை, உண்மையில் நாலரை. குழம்பிவிடக்கூடாதென்று குறிப்பேட்டில் ‘முதல் 1.30’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். பன்னிரண்டு மணிநேர வேலை பதின்மூன்றாகியது. கூடிய அந்த ஒரு மணிநேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

இந்தத் திருப்புதலை நிறுத்திவிட்டு, மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கும் கோடை நேரத்தையே ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வாழ்ந்த வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், விடிந்த பிறகும் ஊர் தூங்குகிறதே என்று மனம் பொறுக்காமல், கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளவேண்டும் என்று 1907இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் 1915இல் இறந்துபோக, போர்க்காலத்தில் நிலக்கரியை மிச்சப்படுத்தவென்று 1916இல்தான் இங்கே கோடை நேரம் சட்டமானது.

வந்த புதிதில் நானும் அந்தப் பலரின் பக்கம்தான் இருந்தேன். டிசம்பரில் பின்நேரம் மூன்றரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊரில், அது நாலரைவரை நின்றால் யாருக்குக் கசக்கும்? என் மனத்தை மாற்றியவர், நான் பார்த்துக்கொள்ளும் எண்பத்தாறு வயது அம்மையார். 1968இல் கோடை நேரத்துக்கு மாறிய மணிக்கூட்டை ஒக்டோபரில் பின்னுக்குத் திருப்பாமல், 1971 ஒக்டோபர்வரை அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தக் குளிர்காலங்களில், வாகன வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டியைத் தன் மகனின் மேலங்கிக் கையில் மாட்டி, நள்ளிரவுபோல இருந்த காலையில் பள்ளிக்கு அனுப்பியதை அவர் சொல்வார். சொல்லும்போது தன் கையின் மேற்பகுதியை விரல்களால் சுற்றிப் பிடித்து, பட்டியின் அகலத்தையும் காட்டுவார்.

விபத்துக் கணக்கு அவருடைய பயத்தை முழுவதும் ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலையில் கூடிய விபத்துகளைவிட மாலையில் குறைந்தவை அதிகம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோரைச் சோதிக்கும் சட்டமும் 1967இல்தான் வந்திருந்தது என்பதால், எது எதனால் குறைந்தது என்று பிரிப்பது சிக்கலாயிற்று. ஸ்கொட்லாந்துக்காரர்களின் முணுமுணுப்பு அடங்கவில்லை. 1970 டிசம்பரில் பாராளுமன்றம் 366க்கு 81 என்ற வாக்குகளால் அந்தப் பரீட்சார்த்த முயற்சியைக் கைவிட முடிவு செய்தது.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது எட்டே முக்காலுக்கு. கோடை நேரம் நிரந்தரமானால் அது ஒன்பதே முக்கால் ஆகும். சின்னவனுக்கு ஒன்பது மணிக்குப் பள்ளி. இப்போதைய முறையில், டிசம்பரிலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது கிழக்கே சாம்பல் நிறமாவது தெரிகிறது. அதையும் இழக்க எனக்கு மனமில்லை. மாற்றத்தை நிறுத்துவதாயின் குளிர்கால நேரத்திலேயே நிறுத்தட்டும். உடலை எழுப்புவது காலை வெளிச்சம்தான் என்று தூக்கத்தை ஆராயும் மருத்துவர்கள் பலரும் அதையே சொல்கிறார்கள்.

1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டினால் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது நினைவிருக்கிறதா, அப்பா? அம்மம்மா சாமியறை மணிக்கூட்டை மட்டும் தொடவிடவில்லை. ராகுகாலம் பார்க்கப் பழைய நேரம்தான் வேண்டுமென்று நின்றார். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் பழைய நேரமே இருந்ததால், பாதை திறந்த பிறகு நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும்போது, வன்னிக்குள் நுழையும் முகமாலையில் அரை மணிநேரம் பின்னே போய், வெளியேறும் ஓமந்தையில் மறுபடியும் முன்னே வருவீர்கள். 2006இல் எல்லாம் பழைய நேரத்துக்கே திரும்பியபோது, அம்மம்மாவின் மணிக்கூட்டை மட்டும் யாரும் திருப்பவேண்டியிருக்கவில்லை.

அம்மா எட்டு மணிக்கே படுத்துவிடுவார் என்பதால், மார்ச் கடைசி ஞாயிறுவரை இங்கே இரண்டு மணிக்கு எடுக்கிறேன். உங்களுக்கு அது அதே ஏழரைதான்.

அன்பு மகள்