மூன்று முறை கூப்பிடும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ‘நர்ஸ் ஹானர் கார்டு’ (Nurse Honor Guard, நர்ஸ்களுக்கான மரியாதை அணிவகுப்பு) என்ற தொண்டர் குழுவில் இருக்கிறேன். நர்ஸ் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய் மரியாதை செய்வதுதான் எங்கள் வேலை. ஒரு பைசா வாங்குவதில்லை. இந்த நாட்டில் எத்தனையோ தமிழர்கள் இதே தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் நான் பேசிய பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ராணுவத்தில் இருந்தவர் இறந்தால் இங்கே கொடி மடித்துக் கொடுப்பார்கள், எக்காளம் ஊதுவார்கள். நர்ஸுக்கு என்ன உண்டு? நவீனச் செவிலியப் பணிக்கு வழிகாட்டிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில், கான்சஸ் மாநிலச் செவிலியர் சங்கம் 2003இல் ‘நைட்டிங்கேல் அஞ்சலி’ என்ற மரியாதைச் சடங்கை உருவாக்கியது. இன்று பல மாநிலங்களில் தொண்டர் குழுக்கள் அதைத் தங்கள் வழக்கப்படி செய்கின்றன. நாங்கள் பழைய காலத்து வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, தோளில் சிவப்பு உட்துணி வைத்த கருநீல மேலங்கியோடு போவோம். பேழையின் அருகே நின்று விளக்கேற்றுவோம். இறந்தவரின் முழுப்பெயரை மூன்று முறை கூப்பிடுவோம். ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, மணிபோல் ஒலிக்கும் முக்கோணக் கம்பியை ஒரு தட்டு. மூன்றாவது ஒலி அடங்கியதும், “உங்கள் பணி முடிந்தது” என்று சொல்லி, வெள்ளை ரோஜா ஒன்றை வைத்துவிட்டு விளக்கைக் குடும்பத்தார் கையில் கொடுப்போம்.

கொடுப்பதற்கு முன் விளக்கை அணைக்க வேண்டும். முதல் தடவை எனக்குக் கை வரவில்லை. ‘அணை’ என்று சொல்லக்கூட விடாமல், ‘குளிர வை’ என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. அன்று மனசுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் திரியை மூடினேன். வாங்கிக்கொண்ட மகள் விளக்கின் அடிப்பாகத்தை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டாள். சூடு ஆறும்வரை கையை எடுக்கவே இல்லை.

அந்தப் பெயர் கூப்பிடும் இடம்தான் எனக்கு முக்கியம். வார்டில் எங்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? “நர்ஸ்!” என்பார்கள், “சிஸ்டர்!” என்பார்கள், இல்லாவிட்டால் மணியை அழுத்துவார்கள். நைட்டிங்கேல் அம்மையாரே, லண்டனில் பெரும் புகழ்பெற்றவர்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட, கிராமத்துத் தேவாலயத்தில்தான் அடக்கமானார். கல்லறையில் அவருக்கு இருப்பது பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த (1820), இறந்த (1910) தேதிகளும்தான். அது அவர் விருப்பம், வணங்குகிறேன். ஆனால் நாற்பது வருடம் இரவு டியூட்டி பார்த்த ஒருத்தியின் பெயரை ஒரு தடவையாவது ஊர் கேட்கட்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

குடும்பத்தார் கேட்டால்தான் நாங்கள் வர முடியும். சடங்கு ஏற்பாடு செய்யும் ஃப்யூனரல் ஹோமில் “இவர் நர்ஸாக இருந்தவர்” என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலும் அவர்களே அருகிலுள்ள குழுவைக் கூப்பிடுவார்கள். இரங்கல் குறிப்பில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று எழுதுகிறார்கள். அவர் நர்ஸ் என்பது விட்டுப்போகிறது. தயவுசெய்து அதையும் எழுதுங்கள். ஆண் நர்ஸ்களுக்கும் இந்த மரியாதை உண்டு.

எங்களுக்கு ஆள் போதவில்லை. வேலையில் இருப்பவர்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வருகிறார்கள், வயதானவர்களால் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. முன்பின் தெரியாதவர் சாவுக்கு எப்படிப் போவது என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தெரியாதவர்களின் சாவுப் படுக்கை அருகேதானே இத்தனை வருடம் நின்றோம். மாதத்தில் ஒரு காலைப்பொழுது கொடுங்கள். தொப்பி நழுவாமல் ஊசி குத்த நான் கற்றுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
அமெரிக்கா