கர்ப்பிணிக்கு அரை மாத்திரை போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கர்ப்பிணிகள் மருந்தை எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று சென்ற வார மருத்துவப் பக்கத்தில் படித்தேன். தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் கேட்காமல் வாங்கிப் போடும் மாத்திரைகளுக்கு அது சரி. ஆனால் வலிப்புக்கும் தைராய்டுக்கும் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். மருந்துக்கடையில் நிற்பவன் நான். "தம்பி, மாசமா இருக்கா, இதை அரையா உடைச்சுக் குடுத்தாப் போதும்ல?" என்று மருமகளின் சீட்டை நீட்டும் மாமியார்கள் எத்தனை பேர்!

நடப்பது நேர்மாறு. கடைசி மாதங்களில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி பங்கு கூடிவிடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் அதே கணக்கில் ஏறுகிறது. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகளில் (என்சைம்) சில மும்முரமாகின்றன, சில மந்தமாகின்றன. அதனால் அதே மாத்திரை, அதே அளவு சாப்பிட்டாலும் ரத்தத்தில் நிற்கும் மருந்து பழைய அளவில் இருப்பதில்லை.

வலிப்புக்குத் தரும் லாமோட்ரிஜின்தான் இதற்குச் சரியான உதாரணம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடக்கூடக் கல்லீரல் இந்த மருந்தை வேகமாக வெளியேற்றும். பலருக்கு ரத்தத்தில் அதன் அளவு பாதிக்கு இறங்கிவிடும். வேளை தவறாமல் சாப்பிட்டும் எட்டாம் மாதத்தில் வலிப்பு வந்தால், "மாத்திரையை ஒழுங்காப் போட்டியா?" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். தைராய்டு குறைவுக்குத் தரும் தைராக்சினும் பலருக்கு 30 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படும். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் தைராக்சின் சரியாக உடம்பில் சேராது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

எல்லாமே வேகமாக வெளியேறும் என்றும் நினைக்க வேண்டாம். காலையில் குடித்த காபியின் காஃபீன் பாதியாகக் குறையச் சாதாரணமாக ஐந்து மணி நேரம் போதும். நிறைமாதத்தில் பதினைந்து மணி நேரம்கூட ஆகும். ராத்திரி தூக்கம் வராததற்கு வயிற்றுப் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது!

என் பெரிய கவலை பிரசவத்துக்குப் பிறகுதான். கர்ப்பத்தின்போது மருத்துவர் ஏற்றிய லாமோட்ரிஜின் அளவைக் குறைக்காமல் விட்டால், கல்லீரல் இரண்டு மூன்று வாரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பியதும் மருந்து ரத்தத்தில் தேங்கும். தலைசுற்றும், நடை தள்ளாடும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். கைக்குழந்தையைத் தூக்கி நடக்கும் நேரம் அது. வீட்டிலோ "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. என் கடைக்கு வரும் பலவற்றில் 'பழைய மருந்துகளைத் தொடரவும்' என்று ஒரே வரிதான். எது பழையது? கர்ப்பத்துக்கு முந்தைய அளவா, ஒன்பதாம் மாதத்து அளவா?

நாங்களாக அளவை மாற்றித் தர முடியாது, நோயாளிகளும் தாங்களாக மாற்றக் கூடாது. மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் எட்டாம் மாதத்திலேயே பேசி, பிரசவமான பிறகு எந்த நாளிலிருந்து எத்தனை மில்லிகிராம் என்று சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த வாரமே இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கும்பகோணம்.