மார்ச்சில் ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

திருப்பூர்,
16-2-2026

அன்புள்ள மாப்ளே செல்வராசு,

கடுதாசி கிடைத்தது. பையன் கரூரில் பெட்ஷீட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்ததில் ரொம்பச் சந்தோஷம். ராத்திரி ஏழரைக்கு வருகிற நியூயார்க் பையர் (சரக்கு வாங்குகிறவர்) போன் மார்ச்சில் ஆறரைக்கே வந்துவிடும் என்கிறார்களே, அது எதனால் என்று கேட்டானாம். அங்கெல்லாம் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்து, பிறகு பின்னே இழுப்பார்கள், அதுதான் காரணம். டி.எஸ்.டி., அதாவது பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிற நேரம் என்று அதற்குப் பெயர். இதை அப்படியே அவனிடம் கொடுத்துவிடு.

கோயமுத்தூரில் ஆனி மாதப் பகல் சுமார் 12¾ மணி நேரம், மார்கழிப் பகல் 11½. பெரிய வித்தியாசமில்லை. லண்டனில் ஜூனில் 16½ மணி நேரத்துக்கு மேல் பகல். டிசம்பரில் 8 மணி நேரம்கூடத் தேறாது. கடிகாரத்தை மாற்றாவிட்டால் ஜூனில் அங்கே நாலு மணிக்கு முன்பே பொழுது கிளம்பிவிடும், ஊரே தூங்கிக்கொண்டிருக்கும். முள்ளை ஒரு மணி முன்னே தள்ளினால் அந்த வெளிச்சம் சாயங்காலம் கைக்கு வரும். வில்லியம் வில்லெட் என்ற கட்டடக்காரர் 1907லேயே இங்கிலாந்தில் இதைச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. உலகப் போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க 1916 ஏப்ரல் 30ல் ஜெர்மனி செய்தது, மூன்று வாரத்தில் பிரிட்டனும் செய்தது. நம்ம நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின்போது, 1942லிருந்து 1945 வரை, கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியிருக்கிறது.

விவசாயிக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதே. அமெரிக்காவில் இதை எதிர்த்தவர்களே விவசாயிகள்தான். சொசைட்டி வண்டி திடீரென்று ஒரு மணி முன்னால் வந்து நின்றால் மாடு பால் விடுமா? கரண்ட் மிச்சம் என்ற பேச்சும் ஆட்டம் கண்டுவிட்டது. இந்தியானா மாநிலம் முழுக்க 2006ல் இது வந்த பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால், வீடுகளின் மின்செலவு சுமார் 1 சதவீதம் கூடியிருந்தது. விளக்கில் மிஞ்சியதை ஏசி தின்றுவிட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றம் இதை நிறுத்தலாம் என்று 2019ல் வாக்களித்தும், நாடுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இனி பையனுக்கு வேண்டியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே நாளில் மாற்றுவதில்லை, தலைவலியெல்லாம் அதில்தான். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கும். ஐரோப்பாவும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறு இழுக்கும். இந்த வருசம் அமெரிக்காவுக்கு மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பாவுக்கு மார்ச் 29, அக்டோபர் 25. ஐரோப்பா முழுக்க ஒரே நொடியில் மாறும், நமக்கு அப்போது ஞாயிறு காலை 6:30. அமெரிக்காவில் அந்தந்த ஊர் நேரப்படி விடிகாலை 2 மணிக்கு.

காலை 9 மணி என்று பையர் சொன்னால், லண்டனுக்கு நமக்குக் குளிர்காலத்தில் மதியம் 2:30, கோடையில் 1:30. ஜெர்மனிக்கு 1:30, 12:30. நியூயார்க்குக்கு ராத்திரி 7:30, கோடையில் 6:30. லண்டனும் நியூயார்க்கும் சேர்ந்து பேசுகிற போன் கால் இருந்தால், மார்ச் 8 முதல் 29 வரையிலும் அக்டோபர் கடைசி வாரத்திலும் குழப்பம் நிச்சயம். அந்த இரண்டு ஊருக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம் அந்த நாட்களில் 4 ஆகிவிடும். லண்டன் மதியம் 2 மணி என்று வைத்தால் நியூயார்க்கில் 9 இல்லை, 10. அந்த வாரங்களுக்கு மட்டும் முன்கூட்டியே மெயில் போட்டு உறுதி செய்யச் சொல்.

கம்ப்யூட்டர் காலண்டரில் மீட்டிங்கை யார் நேரத்தில் போட்டார்களோ அவர்கள் கடிகாரத்துக்குத்தான் அது கட்டுப்படும். பையன் இந்திய நேரத்தில் 7:30 என்று போட்டால் நமக்கு 7:30 மாறாது, பையருக்கு மாறும். அதனால் பையரையே போடச் சொல்வது நல்லது. இவனே போட்டால் நேர மண்டலத்தில் பையர் ஊரைத் தேர்ந்தெடுக்கணும். விண்டோஸ் நேர மண்டலப் பட்டியலில் பூஜ்யத்துக்கு (UTC+00:00) நேராகச் சில வரிகள் இருக்கும்: லண்டன் உள்ளது ஒன்று, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் உள்ளது இன்னொன்று. ரெய்க்யாவிக் வரி வருசம் முழுக்க மாறாது. அதைத் தொட்டால் கோடை முழுக்க ஒரு மணி பிசகும். அரிசோனா பையர் இருந்தால் அரிசோனா என்றே தனியாகத் தேர்ந்தெடுக்கணும், அங்கே பெரும்பகுதியில் மாற்றமே கிடையாது. ஆஸ்திரேலியா தலைகீழ்: சிட்னி அக்டோபர் முதல் ஞாயிறு தள்ளி ஏப்ரல் முதல் ஞாயிறு இழுக்கும், பிரிஸ்பேன் எதுவும் செய்யாது.

ஜூலையில் பையர் "காலை 9, ஈ.எஸ்.டி." என்று எழுதுவார். ஈ.எஸ்.டி. என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம், அந்த எழுத்தை நம்பிக் கணக்குப் போட்டால் நமக்கு 7:30. அவர் மனதில் இருப்பது ஊர்க் கடிகாரம், அதாவது 6:30. கோடையில் அந்தச் சுருக்கெழுத்து தப்பு, ஆனால் அங்கே எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள். "உங்கள் ஊர்க் கடிகாரத்தில் 9 தானே?" என்று ஒரு வரி திருப்பிக் கேட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. கம்பெனி சிசிடிவி பெட்டியும் விரல் வைக்கிற வருகைப் பதிவு மெஷினும் மார்ச் கடைசியில் திடீரென்று ஒரு மணி முன்னே ஓடினால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். நேர அமைப்புக்குள் டி.எஸ்.டி. என்று ஒரு வரி இருக்கும், அது ஆன் ஆகியிருக்கும். முதலில் அதை ஆஃப் செய்து, பிறகு நேரத்தைச் சரி பண்ணணும். நேரத்தை மட்டும் திருத்திவிட்டு அதை விட்டால் அக்டோபரில் ஒரு மணி பின்னே போய், ஷிப்ட் கணக்கும் ஓவர்டைமும் சண்டையில் முடியும்.

டெக்சாஸ் பையர் ஒருத்தரும் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய், எந்த ஊர் என்று கேட்டு எழுது. டல்லாஸ், ஹூஸ்டன் என்றால் நம்மைவிடக் குளிர்காலத்தில் 11½ மணி, கோடையில் 10½ மணி பின்னே. எல் பாசோ என்றால் அதற்கும் ஒரு மணி கூட.

வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழனிசாமி